கயிற்றின் மறுமுனையில் சூசை

திரேஸ்புரம் கரையில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஈர மணலில் நின்றபோதுதான் எனக்கு அது தோன்றியது.

கரையை ஒட்டி நின்ற ஒரு வள்ளத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கயிறு, அதன் மறுமுனை தண்ணீருக்குள். கீழே யாரோ அடிப்பலகையில் ஒட்டுப் போட இறங்கியிருந்தார். மேலே இருந்தவர் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வள்ளத்துக்காரரோடு ஏதோ கல்யாண வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேச்சு, சிரிப்பு. கயிறு மட்டும் இரண்டு விரல்களுக்கு நடுவில், பூத்தொடுக்கிறவர்கள் நாரைப் பிடிப்பதுபோல, இலேசாகக் கிடந்தது. பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வார்த்தையில் வாயை மூடினார். கயிறு அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுந்து இரண்டு கையாலும் இழுத்தார். ஒரு தலை மேலே வந்து மூச்சு வாங்கியது.

"இழுக்கச் சொல்லி அவர் கயிற ஆட்டினாரா?" என்று கரையிலிருந்தே கத்திக் கேட்டேன்.

"ஆட்டுத வரைக்கும் இருந்தா அப்புறம் என்னத்துக்கு நான் இங்கன இருக்கேன்?" என்றார் அவர்.

அந்தப் பதிலைக் கேட்டதும், என் கட்டிலில் மூன்று வாரம் வலி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படுத்திருந்த ஒரு மனிதரின் முகம் எனக்கு நினைவு வந்தது. நான் செய்த தவறு என்ன என்பதும், அதைச் சரிசெய்ய என்ன வேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தன.

நீங்கள் இருவரும் திங்கட்கிழமை எங்கள் பிசியோதெரபி அறையில் சேரப் போகிறீர்கள். இரண்டே வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு இவள் நமக்கு எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஓய்வு பெறும்வரை காத்திருந்து எழுதினால் என் தவறுகளெல்லாம் அப்போது எனக்கே அழகாகத் தெரியும். இப்போது எழுதினால்தான் சுடும். அதோடு, வருகிற சனிக்கிழமை ஒரு காரியம் செய்யப் போகிறோம். அதற்கு முன்னால் லாசரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாசர் சங்கு குளிக்கிறவர், கடலடிக்கு மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். முப்பத்தாறு வயது. வலது முழங்கால் சில்லு நொறுங்கி வந்தார். பெரிய டாக்டர் திறந்து, துண்டுகளைக் கம்பியால் கட்டி, மாவுக்கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்து என்னிடம் அனுப்பியபோது அந்தக் கால் துடுப்பு மாதிரி நேராக இருந்தது. மடங்க மறுத்தது.

"டிரில் டீச்சர் நீங்கதானா?" என்றார், ரிக்சாவிலிருந்து இறங்கும்போதே.

"பிசியோதெரபிஸ்ட், அண்ணாச்சி."

"அது வாயில நுழையாது. டீச்சர்னே இருக்கட்டும்."

அன்றைக்கு ஒட்டியதுதான். இப்போது ஆஸ்பத்திரி முழுக்க நான் டீச்சர். உங்களுக்கும் அதுதான் பெயர், தப்பிக்க முடியாது.

எவ்வளவு தூரம் மடங்கினால் போதும் என்று கேட்டேன். படிப்பில் சொல்லிக் கொடுத்த கேள்வி: நாற்காலியில் உட்காரவா, படியேறவா, தரையில் சம்மணமிடவா? லாசர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அடிக்குப் போனா முட்டுப் போட்டு மண்ணத் தடவணும், டீச்சர். சங்கு என்ன, நம்மளப் பாத்து எந்திரிச்சா நிக்கும்? பொதஞ்சு கெடக்கும். முட்டு மடங்காதவன் அங்கன போயி கொடிமரம் மாதிரி நிக்கவா?"

மழை முடிந்து தண்ணீர் தெளிந்ததும் சங்குகுளி தொடங்கிவிடும். அதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குள் முழங்கால் மடங்கினால் வள்ளத்தில் இடம். மடங்காவிட்டால் வேறொருவர் அந்த இடத்தில் ஏறிவிடுவார். ஒருமுறை ஏறியவரை யாரும் இறக்க மாட்டார்கள்.

இதற்குக் கீழே இன்னொரு ஆசையும் இருந்தது. கடைசியாக முத்துக்குளித்தபோது லாசருக்கு இருபது வயதோ என்னவோ. அதற்குப் பிறகு, கடலடியில் சிப்பி வளரும் முத்துப்பார்களில் சிப்பி சரியாக விளையவில்லை என்று அரசாங்கம் குளிப்பைத் திறக்கவே இல்லை. "அடுத்த வருசம் பார் தெறக்காவளாம்" என்று திரேஸ்புரத்தில் ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்வார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். லாசர் சிரிக்காத பாதி. பார் திறக்கிற அன்றைக்கு முழங்கால் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு.

வலியிலிருந்து மனதைத் திருப்ப நோயாளியைப் பேச வைக்க வேண்டும் என்பார்கள். அவரிடம் கடலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று கேட்டேன். நான் நாசரேத்துப் பெண். எங்கள் பக்கம் பனையும் செம்மணல் மேடுகளான தேரியும்தான். அதுவரை கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

"என்னத்தச் சொல்ல. சத்தமே இருக்காது. மேல பொண்டாட்டி, பிள்ள, வள்ளத்துக்காரர், எல்லாச் சத்தமும் மேலேயே நின்னுரும். வெயிலு பச்சையா எறங்கி வரும். மண்ணு நம்ம வீட்டு மண்ணு மாதிரி இருக்காது, சும்மா மாவு. கையத் தடவினா எந்திரிச்சு மெதுவாப் பறக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைக்கி தண்ணி எப்படி இருக்கோ."

ஜன்னல் பக்கம் பார்த்தார். நம் ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. எதிரே ஒரு டீக்கடையும் அதன் வாசலில் நிற்கும் சில பேரும்தான் தெரிவார்கள்.

கோணம் அளக்கும் அலுமினியக் கருவியில் 'முப்பது டிகிரி', 'முப்பத்தைந்து டிகிரி' என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு பாகம், அதில்தான் அவர்கள் ஆழத்தை அளப்பார்கள். "பாகத்துல சொல்லுங்க" என்றார். பத்து டிகிரியை ஒரு பாகமாக வைத்துக்கொண்டோம். "இன்னைக்கி எத்தன பாகம் போயிருக்கேன்?" என்று தினமும் கேட்பார். "மூணரை." "அது பிள்ளைங்க குளிக்கிற ஆழம்லா!"

இனி நான் செய்த தவறு.

மூன்றாவது வாரம். வியாழக்கிழமை பெரிய டாக்டர் எல்லா முழங்கால்களையும் வரிசையாகப் பார்ப்பார். தொண்ணூறு டிகிரியைக் காட்டி அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. லாசரும் அவசரக்காரர், நானும் அவசரக்காரி. புதன்கிழமை அந்தக் காலை அழுத்தினேன். வலிக்கிறதா என்று கேட்டேன், தலையை ஆட்டி இல்லை என்றார். மறுபடி அழுத்தினேன். கண்ணை மூடியிருந்தார், உதடு இறுகியிருந்தது, முகம் கோயிலில் நிற்கிறவர் முகம் மாதிரி அமைதி. இவ்வளவு வலி தாங்குகிறவர் எனக்கு நோயாளியாகக் கிடைத்தாரே என்று பெருமைப்பட்டேன். தொண்ணூறைத் தொட்டேன்.

மறுநாள் காலை முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது.

பெரிய டாக்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம். "அவன் கத்தவில்லை என்றால் அவனுக்கு வலிக்கவில்லை என்று உனக்கு யாரம்மா சொன்னது?" என்று மட்டும் கேட்டார். பத்து நாள் அந்தக் காலைத் தொடக்கூடாது என்றார். பத்து நாள் கழித்து அளந்தபோது மூன்று பாகத்துக்கும் கீழே போயிருந்தது. மறுநாளிலிருந்து லாசர் வரவில்லை.

நான்கு நாள் பொறுத்தேன், ஐந்தாம் நாள் திரேஸ்புரம் போனேன். வழி கேட்டுக் கரைக்கு வந்தபோதுதான் கயிறு பிடித்த அந்த மனிதரைப் பார்த்தேன், அந்தப் பதிலை வாங்கிக்கொண்டேன். அவரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு குறுகுறுப்பு. லாசர் வீடு எது என்று கேட்டதும் அவருடைய முகம் மாறியது. கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு வள்ளத்துக்குள் குனிந்துகொண்டார்.

லாசர் காலை நீட்டிச் சுவரோடு சாய்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"நீங்க என்ன செய்வீய? நான்லா சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல? நான் ரெண்டு தடவ கேட்டேனே."

"கீழ போனவன் வாயத் தெறப்பானா, டீச்சர்? தெறந்தா தண்ணிலா போவும். பதினாலு வயசுலேர்ந்து பழகின பழக்கம். நோவு வந்தா மொதல்ல வாய மூடிருவேன்."

"அப்போ உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு மேல இருக்கவருக்கு எப்படித் தெரியும்?"

"கயிறு இருக்கில்லா."

"கயிற யாரு பிடிப்பா?"

லாசர் காலைத் தடவிக்கொண்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி பிலோமியின் குரல் வந்தது. "எங்கண்ணன் சூசைதான் பிடிப்பாவ. அந்தப் பேரச் சொன்னா இந்த வீட்டுல இப்போ சோறு எறங்காது, டீச்சர்."

"ஏளா, சும்மா கெட."

அவள் சும்மா கிடக்கவில்லை. கரண்டியோடு வெளியே வந்து முழுவதையும் சொன்னாள். குளிப்பவரின் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தன் தங்கை விதவையாவதற்கு எந்த அண்ணனும் கை தளர மாட்டான் என்பது அதன் காரணம். பன்னிரண்டு வருஷம் லாசர் கீழே, சூசை மேலே. போன சீசன் முடிகிற வாரம், லாசர் மேலே வந்து வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குளிப்பவரை அடிக்குக் கொண்டுபோகும் கல்லைச் சூசை தூக்கி உள்ளே வைத்தார். ஈரக் கை. கல் வழுக்கி லாசரின் முழங்காலில் விழுந்தது.

"வேணும்னா போட்டாரு?" என்றாள் பிலோமி.

"வேணும்னு போட்டிருந்தா சண்ட போட்டுட்டு விட்டிருப்பேன்" என்றார் லாசர். "கவனிக்கல. அவன் கவனிக்கலன்னா நான் யார நம்பிக் கீழ போவ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரையில் பார்த்த அந்த மனிதர்! மூன்று வாரமாக நம் ஜன்னலுக்கு எதிரே டீக்கடை வாசலில் நின்றவர் அவர்தான். லாசர் ரிக்சாவில் வரும்போது வருவார், போகும்போது போய்விடுவார். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்மைதான்.

திரும்பும்போது சூசையிடம் போய் நேராகக் கேட்டேன். லாசரின் மணிக்கட்டில் கயிறு கட்டுகிறேன். மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். நான் காலை மடக்குவேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இது வழுக்கின கை, டீச்சர்."

"வழுக்கினது கல்லு. பன்னெண்டு வருசத்துல ஒரு தடவயாவது கயிறு வழுக்கிச்சா?"

 திங்கட்கிழமை காலை அவர் டீக்கடையைத் தாண்டி உள்ளே வந்தார்.

பிலோமி எப்படியோ சொல்லி லாசரையும் அனுப்பி வைத்திருந்தாள். சூசைதான் பிடிக்கிறார் என்று நான் லாசரிடம் சொல்லவில்லை. இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம், அது ஏமாற்று. பயத்தில் செய்தேன். பச்சைத் திரையை நடுவில் இழுத்து, அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுச் சூசையை உட்கார வைத்தேன். லாசரின் மணிக்கட்டில் கட்டிய கயிறு திரைக்கு அடியில் புகுந்து போனது. "அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்குவார்" என்றேன், குரலை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

திரைக்குப் பின்னால் தொய்வைச் சரிசெய்ய ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான்.

லாசர் தலையைத் தூக்கினார். கயிற்றையே பார்த்தார். நான் முடிச்சை அவிழ்க்கத் தயாராக நின்றேன்.   எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு லாசர் தலையைத் தலையணையில் சாய்த்து, விரல்களைக் கயிற்றில் சுற்றிக்கொண்டார்.

"மடக்குங்க, டீச்சர்."

அன்று இருபது நிமிஷத்தில் சூசை பேசியது இரண்டு வார்த்தை, இன்னும் மடக்கலாம் என்பதற்கு ஒன்று, நிறுத்தச் சொல்ல ஒன்று. "இருக்கு." "போதும்." அவர் போதும் என்ற இடத்தில் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நிறுத்தியதும் லாசர் பெரிய மூச்சு விட்டார், மேலே வந்தவர் மாதிரி.

அந்தக் கயிற்றில் என்ன இருக்கிறது என்று பிறகு கேட்டேன். சூசைக்கு விளக்கத் தெரியவில்லை. "நோவு வந்தா கயிறு சின்னதாவும்" என்றார். ஒரு வாரம் லாசரின் கையை உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வலி எல்லை தாண்டும்போது அவருடைய சுண்டுவிரல் மட்டும் உள்பக்கம் மடங்கும். முகம், மூச்சு, தொடை எல்லாவற்றையும் பார்த்த நான் அந்த விரலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. சிலருக்குக் கால் பெருவிரல், சிலருக்கு இமை. ஒரு வாத்தியாருக்கு வலி கூடக்கூடப் பேச்சில் இங்கிலீஷ் கூடும். வந்த முதல் நாள் காலைத் தொடாதீர்கள், அந்த இடத்தைத் தேடுங்கள்.

இரண்டு நாட்களை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

முதலாவது நாள் ஐந்தரைப் பாகத்தில் இருந்தோம். மழை விட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது. மற்றவர்கள் தண்ணீர் ஏறாதிருக்க வள்ளத்துக்குக் குங்கிலியம் பூசத் தொடங்கிவிட்டார்கள் என்று லாசருக்குச் செய்தி வந்திருந்தது.

"விடுங்க, டீச்சர். போதும்" என்றார் சூசை.

"எனக்கு நோவல. மடக்குங்க" என்றார் லாசர்.

"விடுங்க."

"ஏலே, இது உன் முட்டா, என் முட்டா?"

"என் தங்கச்சி புருசன் முட்டு. விடுங்க, டீச்சர்."

முழங்கால் என் கையில் இருக்கிறது, சொந்தக்காரர் மடக்கு என்கிறார், நாளோ ஓடுகிறது. என் அவசரமும் லாசர் பக்கம்தான் இருந்தது. ஆனால் சுண்டுவிரல் மடங்கியிருந்தது. விட்டேன். லாசர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் வீக்கம் இல்லாமல் வந்தார். அதுவே எனக்குப் போதும்.

இரண்டாவது நாள் எட்டுப் பாகத்துக்கு அருகே. முழங்காலுக்குள் ஏதோ நெறித்தது, பாய்மரக் கயிறு முறுக்கேறுவதுபோல ஒரு சத்தம். லாசர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஐயோ மாதாவே! விடுங்க, விடுங்க!"

இரண்டு மாதமாகக் கத்தாதவர் கத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நர்சு ஓடி வந்துவிட்டார். 

"இது பயம்" என்றார் சூசை, திரைக்குப் பின்னால் அதே குரலில். "மூச்சு இருக்கு அவருக்கு."

விரலைப் பார்த்தேன். மடங்கவில்லை. தொடைதான் இறுகி என் கையை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முழங்காலில் சூடு இல்லை. ஆனாலும் விடு என்று சொன்னவர் லாசர், சூசை அல்ல. யார் என்ன சொன்னாலும், காலுக்கு உடையவர் விடு என்றால் அதுதான் கடைசி வார்த்தை. அழுத்துவதை நிறுத்தினேன். பின்னுக்கும் வராமல் அந்த இடத்திலேயே கையைத் தாங்கிப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நான் அழுத்தல. சும்மா பிடிச்சிருக்கேன். விடச் சொன்னா இப்பமே விட்டுருதேன். சொல்லுங்க."

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கயிற்றைப் பார்த்தார்.

"சூசை?"

"இங்கனதான் இருக்கேன், மச்சான்."

அந்த வார்த்தையை அவர்கள் இருவரும் ஆறு மாதமாகப் பேசியிருக்கவில்லை.

"இருங்க, டீச்சர்" என்றார் லாசர். மூச்சை விடச் சொன்னேன், வாய் திறந்து, சத்தமாக. நாலைந்து மூச்சுக்குப் பிறகு தொடை தளர்ந்தது. நான் ஒன்றும் செய்யாமலே கால் தானாகச் சரிந்து மடங்கியது. அளந்தேன். கருவியை இரண்டு தடவை துடைத்து அளந்தேன். ஒன்பதுக்கு மேல்.

"எத்தன பாகம்?" என்றார் கண்ணை மூடியபடி.

"ஒம்பதே கால்."

"அது எங்க அப்பா குளிச்ச ஆழம்" என்றார். திரைக்குப் பின்னால் சூசை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரையை விலக்கினேன். அதற்குப் பிறகு அதை இழுத்து மூட வேண்டிய தேவை வரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல எனக்கும் இனிப்பாக இருந்திருக்கும்.

சங்குகுளி தொடங்கியது. பெரிய டாக்டர் பதினோரு பாகம் மடங்கிய காலைப் பார்த்துத் திருப்திப்பட்டார். "குளிக்கலாமா என்று மட்டும் என்னைக் கேட்காதே. எனக்கு எலும்புதான் தெரியும், கடல் தெரியாது" என்றார். லாசரே முடிவு செய்தார். ஒருநாள் விடியும்போது கிளம்பினார்கள். நான் லீவு போட்டுவிட்டு மத்தியானம் திரேஸ்புரத்தில் போய் நின்றேன். பிலோமி என் பக்கத்தில் நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். 

வள்ளம் வந்தது. லாசரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஆனால் அந்த முகத்தை என்னவென்று சொல்ல! இரண்டரை மாதம் தினமும் பார்த்த முகம், ஆனால் அன்றைக்குத்தான் அது யாருடைய முகம் என்று தெரிந்தது.

"மூணு தடவ போனேன், டீச்சர்" என்றார். "கீழ முட்டு நோவவே இல்ல. சொன்னா நம்ப மாட்டீய, முழுசா மடங்குச்சு. முட்டுப் போட்டேன். மண்ணத் தடவினேன். அப்படியே இருந்திரலாம்போல இருந்துச்சு."

"இருந்திருப்பாரு" என்றார் சூசை. "நான்தான் இழுத்தேன்."

"மேலதான் சங்கடம்" என்றார் லாசர். வள்ளத்தின் விளிம்பில் கைவைத்து எழும்பும்போது, உடல் எடை அந்தக் காலில் இறங்கியதும் முழங்கால் மடங்கிப்போய்விட்டது. மூன்று தடவையும் சூசையும் இன்னொருவரும் அவரைப் பலகையோடு தேய்த்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வள்ளத்துக்காரர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஒருவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டுமென்றால் மற்றவர்களின் கயிற்றை யார் பார்ப்பது என்றார். இந்த சீசனுக்கு வேண்டாம், அடுத்ததற்குப் பார்ப்போம் என்றார். நியாயம்தான்.

லாசர் மணலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அலை வந்து கால் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது.

"மேலதான் நான் நொண்டி, டீச்சர்" என்றார். "கீழ இல்ல."

இப்போதும் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார், தொடைக்குப் பலம் ஏற்றுகிறோம். மணல் பையைக் காலில் கட்டித் தூக்கும்போது, ஜன்னலில் தெரியாத கடலை நோக்கித்தான் உட்காருவார். பார் இந்த வருஷமும் திறக்கவில்லை. அடுத்த வருஷம் திறக்கிறார்களாம்.

அவர் மணலில் உட்கார்ந்து சொன்ன அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. கட்டிலில் பதினோரு பாகத்தில் நிற்கிற முழங்கால் தண்ணீருக்குள் முழுதாக மடங்குகிறது. ஏன்? அங்கே உடலுக்கு எடை இல்லை, தொடை பயந்து இறுகுவதில்லை. அப்படியானால் நான் எதற்காக ஒவ்வொரு முழங்காலையும் கட்டிலில் போட்டு அழவைக்கிறேன்? கடல் இரண்டு பர்லாங்கில் இருக்கிறது. போன ஞாயிறு நானும் லாசரும் சூசையும் போய்ப் பார்த்தோம். அலையடிக்காத இடத்தில், மார்பளவு தண்ணீரில் லாசர் மெல்லக் குந்தினார், தாடை நனையும்வரை. "குதிகால் தொடையில முட்டுது!" என்று கத்தினார். நான் முழங்கால் அளவில் நின்று, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அளக்க முடியவில்லையே என்று குதித்தேன்.

பெரிய டாக்டர் ஒரு நோயாளியோடு தொடங்க அனுமதித்திருக்கிறார். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாள். வரப்பில் விழுந்து முழங்கால் உடைந்தவர், போன வாரம்தான் கட்டுப் பிரித்தோம். லாசருக்கு நேர் எதிர். நான் அறைக்குள் நுழைந்தாலே, "தொடாதீய! தொடாதீய!" என்று தெருவே கேட்கக் கத்துவார். கடலில் இறங்கலாமா என்று கேட்டேன். "பொறந்ததுலேர்ந்து உப்புத் தண்ணியிலதான நிக்கேன். அங்கன என்ன புதுசா இருக்கப் போவுது?" என்றார். கத்தாமல் சொன்ன முதல் வாக்கியம். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். "மொதல்ல நீங்க எறங்கிக் காட்டணும்."

எனக்கு நீந்தத் தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை, லாசரிடம் சொன்னேன்.

"இடுப்புல கயிறு கட்டிருவோம்" என்றார். "உங்களுக்கு மச்சான் உண்டா, டீச்சர்?"

"இல்லையே."

"அப்போ சூசை பிடிக்கட்டும்."

அவரைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு நான் ஒன்று சொன்னேன். "நீங்களே பிடியுங்களேன், அண்ணாச்சி. நீங்க கரையில இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

லாசர் என்னை அந்த முதல் நாள் இரக்கத்தோடு பார்த்தார். "நான் எதுக்குக் கரையில நிக்கேன்? நான் தண்ணிக்குள்ளதான் நிப்பேன்."

ஆகவே சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, திரேஸ்புரத்தின் வடகோடியில். திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் நீங்களும் வந்துவிடுங்கள், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். சேலையை எப்படிச் செருகுவது என்று பிலோமி சொல்லித் தந்திருக்கிறாள். கரையில் சூசை கயிற்றோடு உட்கார்ந்திருப்பார், யாரிடமாவது எதையாவது பேசிக்கொண்டு. பேச்சியம்மாள் மணலில் நாற்காலியில் இருப்பார். லாசர் எனக்கு முன்னால் தண்ணீருக்குள் நின்று கையை நீட்டுவார். நான் இறங்குவேன், மார்பளவு வரை. வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

நீங்கள் என் சுண்டுவிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.